மார்கழி வந்ததும் காலில் எழுதலாம் போலிருக்கிறது: சென்னையில் ஒத்துக்கொண்ட லோஷன் ஓசூரில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

ஓசூர்_புதுசு | டிசம்பர் 19, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருஷம் பெரம்பூரில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் ஜூனில் ஓசூர் வந்துவிட்டோம். இங்கே இதுதான் எனக்கு முதல் மார்கழி.

முழங்காலுக்குக் கீழே தோல் வற்றிய ஏரி மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. நகத்தால் ஒரு கோடு போட்டால் வெள்ளையாக விழுகிறது. என் ஆறு வயதுப் பையன் நேற்று நிஜமாகவே என் காலில் 'அ' எழுதிப் பார்த்துச் சிரிக்கிறான். ராத்திரி படுத்ததும் அரிப்பு. காலையில் கீசர் தண்ணீரை நன்றாகச் சூடாக ஊற்றினால் சுகமாக இருக்கும், பத்து நிமிஷத்தில் மறுபடியும் தொடங்கிவிடும்.

சோப்பு அதே சோப்பு, லோஷன் அதே லோஷன். சென்னையில் ஒரு குறையும் இல்லை. விலை கூடிய லோஷன் ஏதாவது வாங்க வேண்டுமா? மாமியார் சோப்பை விட்டுவிட்டு நலங்கு மாவு போடச் சொல்கிறார். எது சரி?

வேலூர்_வெயில் | டிசம்பர் 19, இரவு 11.05

லோஷன் எல்லாம் எதுக்கு, தேங்காய் எண்ணெய் தடவுங்க. எங்க பாட்டி அதைத்தான் செஞ்சாங்க. தொண்ணூறு வயசுலயும் தோல் மினுமினுன்னு இருந்துச்சு.

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 20, காலை 6.15

ஓசூர் தங்கச்சி, முதலில் ஒரு கேள்வி. அரிப்பு காலில் மட்டுமா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள் பக்கம் சின்னச் சின்னப் பொரி இருக்கிறதா? வீட்டில் வேறு யாராவது ராத்திரியில் சொறிகிறார்களா? குளிர்காலத்தில் எல்லோரும் ஒரே போர்வைக்குள் நெருங்கிப் படுப்போம், சிரங்கு பரவ அது தோதான நேரம். 'பனி அரிப்பு' என்று இரண்டு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் அத்தனை பேருக்கும் சிரங்கு. அதற்கு மருந்தே வேறு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும்.

ஓசூர்_புதுசு | டிசம்பர் 20, காலை 9.30

இல்லை அக்கா. கெண்டைக்கால், முன்னங்கால், கொஞ்சம் முழங்கை. அவ்வளவுதான். பையனுக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை. பொரியும் இல்லை.

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 20, இரவு 8.50

அப்படியானால் வறட்சிதான் என்று வைத்துக்கொண்டு பேசலாம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 'காலையில் பனிமூட்டம் இருக்கிறதே, காற்று ஈரம்தானே' என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீரைத்தான் தாங்க முடியும். அந்தக் காற்று உங்கள் தோலருகே வந்து உடம்புச் சூட்டில் சூடானதும், இன்னும் நீர் கொடு என்று தோலிடமே வாங்கிக்கொள்ளும். சென்னையில் டிசம்பரில்கூட கடற்காற்றில் நீர் இருக்கிறது, அதனால் தோல் தப்பித்தது. முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. அதனால்தான் முகம் நன்றாக இருக்கும்போதே கால் வெடிக்கிறது.

அதற்கு மேல் நீங்கள் ஊற்றும் சுடுதண்ணீர். எண்ணெய்ப் பாத்திரத்தை எந்தத் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகும்? சூடான தண்ணீரில்தானே. தோலிலும் அதேதான் நடக்கிறது. சூடு படும்போது அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், அது கொஞ்ச நேர ஏமாற்று.

லோஷன் பற்றி. பம்ப் பாட்டிலில் வருவதில் பெரும்பங்கு தண்ணீர். சென்னைக்கு அது போதும். இங்கே கெட்டியான க்ரீம் வேண்டும், இல்லாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. விலையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் தடவிவிட வேண்டும். ஜெல்லி தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும். காய்ந்த காலில் தடவினால் வறட்சியையே மூடி வைத்த மாதிரி.

வேலூர்_வெயில் | டிசம்பர் 20, இரவு 9.20

அப்போ என் தேங்காய் எண்ணெய்க்கு மதிப்பு இல்லையா அக்கா?

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 20, இரவு 9.34

இருக்கிறது தம்பி. வறண்ட தோலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், அதையும் ஈரத்தோடு தடவினால். ஆலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று குழந்தைக்குத் தடவுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். அதில் ஒலியிக் அமிலம் அதிகம், தோலின் மேலடுக்கை அது தளர்த்திவிடும். விலை கூட, பலன் குறைவு.

கடைக்கார_தம்பி | டிசம்பர் 21, மதியம் 2.10

மருந்துக் கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். சோப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

நிறைய பேர் அட்டையைத் திருப்பி டிஎஃப்எம், அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு, பார்த்து வாங்குகிறார்கள். 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். நல்ல பழக்கம்தான். ஆனால் அது சோப்பின் தரத்துக்கு மதிப்பெண், உங்கள் தோலுக்குப் பொருந்துமா என்பதற்கு இல்லை. எவ்வளவு உயர்ந்த சோப்பும் சோப்புதான், புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஹெச் கணக்கில் 9, 10 என்று காரமாக நிற்கும். தோல் 5க்குப் பக்கத்தில் லேசான புளிப்பில் இருக்கப் பார்க்கும். மார்கழி, தை இரண்டு மாதமும் கை கால் முழுக்கச் சோப்பு தேய்க்காதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, பாதம், இந்த இடங்களுக்குப் போதும். முன்னங்காலில் என்ன அழுக்கு சேர்ந்துவிடப் போகிறது?

குதிகாலும் வெடித்திருந்தால் யூரியா 10 சதவீதம் உள்ள க்ரீம் என்று கேட்டு வாங்குங்கள். இரவில் தடவிப் பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பிளேடு வைத்து வெடிப்பைச் சீவுகிற வேலையை மட்டும் செய்யவே வேண்டாம்.

மயிலைக்காரி | டிசம்பர் 21, மாலை 5.45

எல்லோரும் சோப்பு, ஜெல்லி என்கிறீர்கள், அந்த மாமியார் சொன்னதை யாருமே கண்டுகொள்ளவில்லையே! பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போகரிசி எல்லாம் வெயிலில் காயவைத்து மிஷினில் கொடுத்து அரைத்தால் வீடே மணக்கும். நாற்பது வருஷமாக என் வீட்டில் குளியல் சோப்பு வாங்கியதில்லை.

பச்சிலை_கடை | டிசம்பர் 21, இரவு 7.30

அம்மா சொல்வது சரி, ஒரு சின்னத் திருத்தத்தோடு. எங்களுக்கு மூன்று தலைமுறையாக நாட்டுமருந்துக் கடை.

நலங்கு மாவு எண்ணெய்க் குளியலுக்குப் பிறந்தது. நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய உடம்பில் மிச்ச எண்ணெயை எடுக்கத்தான் மாவு. எண்ணெயே தேய்க்காமல், ஏற்கெனவே வெடித்த காலில் பயற்றமாவைப் போட்டால் இருக்கிற பசையையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பனிக்காலத்தில் சும்மா போட வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் பாலிலோ தயிரிலோ குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவுங்கள்.

இன்னொன்று கார்போகரிசி. அதில் சோரலன் இருக்கிறது. தோலில் பட்டு வெயிலும் சேர்ந்தால் தோலைச் சிவக்க வைக்கும், கறுக்க வைக்கும். வெண்புள்ளிக்குக் கொடுக்கும் மருந்தே அந்தக் குணத்தை வைத்துத்தான். மல்லிகை சீசனில் கல்யாணப் பெண்ணுக்கென்று கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் கடையில் கார்போகரிசி இல்லாத பொட்டலம்தான். 'ஒண்ணு குறையுதே' என்று சண்டை போடுவார்கள். குறையட்டும்.

மயிலைக்காரி | டிசம்பர் 21, இரவு 8.02

அடடா. அதனால்தான் என் நாட்டுப்பெண்ணுக்கு மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு கழுத்தெல்லாம் கறுத்ததா? நான் அவள் டால்கம் பவுடரைக் குறை சொன்னேன். இதை அவளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், நான் மாட்டேன்.

ஓசூர்_புதுசு | ஜனவரி 11, காலை 7.20

மூன்று வாரம் ஆகிறது. கீசரைக் குறைத்தேன், சோப்பைக் குறைத்தேன், குளியலறைக்குள்ளேயே ஜெல்லி டப்பா வைத்துவிட்டேன். அரிப்பு நான்காம் நாளே போய்விட்டது. இப்போது நகத்தால் கோடு போட்டால் எழுத்து விழவில்லை. பையனுக்குத்தான் வருத்தம், 'ஆ' எழுத வந்தான். எல்லோருக்கும் நன்றி. டப்பா 60 ரூபாய்க்கும் குறைவு. நான் 900 ரூபாய் லோஷனைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன்.

வேலூர்_வெயில் | மே 8, இரவு 9.55

இந்த இழையைத் திரும்பக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். இங்கே கத்திரி தொடங்கி நாலு நாள். பொண்ணுக்கு இரண்டு வயசு. கழுத்து, முதுகு பூரா வேர்க்குரு. மார்கழியில் நீங்க சொன்னதை நம்பி நான் வாங்கி வைத்த ஜெல்லியைத் தினம் இரண்டு வேளை தடவினேன். கூடவே நிறைய பவுடர். இப்போது பொரி பெரிசாகி, சிலதில் சீழ் மாதிரி. குழந்தை தூங்கவில்லை, வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

நர்ஸ்_அக்கா | மே 8, இரவு 10.10

தம்பி, ஜெல்லியை உடனே நிறுத்துங்கள். சீழ் இருந்தால் நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வேர்க்குரு என்பது வேர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வேர்வை வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே கசிவது. ஜெல்லியின் வேலையே மூடுவது. மார்கழியில் மூடினால் ஈரம் உள்ளே நிற்கும், கத்திரியில் மூடினால் வேர்வை உள்ளே நிற்கும். பவுடரும் வேர்வையும் சேர்ந்தால் கழுத்து மடிப்பில் மாவு பிசைந்த மாதிரி ஆகி அதுவும் அடைக்கும். குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் பவுடர் தட்டவே கூடாது, மூச்சுக்குள் போகும்.

சாதாரணத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை குளிப்பாட்டி, மடிப்பில் ஒற்றி எடுத்து, மெல்லிய காட்டன் உடுப்போடு ஃபேன் காற்றில் விடுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது உடுப்பே வேண்டாம். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் லேசாக. வேர்க்குருவுக்கு நிஜமான மருந்து, வேர்க்காமல் இருப்பதுதான்.

பச்சிலை_கடை | மே 9, காலை 8.00

சீழ் வைக்காத வேர்க்குருவுக்கு எங்கள் பக்கம் நுங்குத் தண்ணீர் தடவுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், பசை இல்லாமல் காய்ந்துவிடும். பிறகு கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பல்சர்_பாண்டி | மே 12, மதியம் 1.15

வெயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். டெலிவரி வேலை. கையில் வாட்ச் கட்டிய இடம் மட்டும் ஒரு நிறம், மற்றதெல்லாம் வேறு நிறம். சன்ஸ்கிரீன் வாங்கலாமா? 50 என்று போட்டது 30ஐ விட ரொம்ப நல்லதா?

கடைக்கார_தம்பி | மே 12, இரவு 10.20

30 போட்டது புற ஊதா 'பி' கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டது 98. அந்த ஒரு சதவீதத்துக்குக் கவலைப்படுவதை விட, போடுகிற அளவுக்குக் கவலைப்படுங்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போல் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். பட்டாணி அளவு தடவிவிட்டு 'வேலை செய்யலை' என்று என்னிடம் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பாட்டிலில் 'பிஏ' என்று போட்டுப் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்பதற்கு அந்த 'ஏ' கதிருக்குப் பெரிய பங்கு உண்டு.

உண்மையைச் சொன்னால், வேர்வை ஊற்ற ஊற்ற வண்டி ஓட்டுகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைக்கும் பூசுவது நடக்காத காரியம். டியூப் நாலு நாளில் தீர்ந்துவிடும். சிக்னலில் விற்கிறார்களே கை முழுக்க மூடும் உறை, அதை மாட்டுங்கள். முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன்.

கம்பம்_காற்று | ஜூலை 26, மாலை 6.30

ஆடிக்காற்று இங்கே ஆளைத் தள்ளுகிறது. உதடு பிளந்து ரத்தம். நாக்கால் நனைக்க நனைக்க இன்னும் மோசமாகிறது.

நர்ஸ்_அக்கா | ஜூலை 26, இரவு 9.00

நனைப்பதை நிறுத்துங்கள், எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும். பசுநெய்யோ அந்த ஜெல்லியோ, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. வண்டியில் போகும்போது வாயை மூடித் துணி கட்டுங்கள். ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்டுங்கள்.

திருத்துறை_மகன் | அக்டோபர் 30, இரவு 8.15

அம்மா நடவுக்குப் போகிறார்கள். கால்விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, எரிச்சல். சேற்றுப்புண்தான். வருஷா வருஷம் வரும், மருதாணி அரைத்து அப்பினால் ஆறிவிடும். இந்த வருஷம் ஆறவில்லை. நான் இந்த இழையைப் படித்துவிட்டு யூரியா க்ரீம் வாங்கிக் கொடுத்தேன், இடுக்கிலும் தடவினார்கள், அன்றிலிருந்து இன்னும் எரிகிறதாம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.

அதோடு எனக்கு ஒரு சொந்தப் பிரச்சனை. தொடை இடுக்கில் படர்தாமரை. கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன், இரண்டே நாளில் அரிப்பு மாயமாகப் போனது. நிறுத்தினால் திரும்ப வருகிறது, முன்னை விடப் பெரிய வட்டமாக. நாலு மாதமாக ஏழு டியூப்.

நர்ஸ்_அக்கா | அக்டோபர் 30, இரவு 9.40

அம்மாவுக்கு முதலில். யூரியா குதிகாலின் காய்ந்த வெடிப்புக்கு. விரல் இடுக்கு ஊறிப்போன இடம், அங்கே ஈரம் தரும் எதுவும் போகக் கூடாது. வயலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, காற்றாட விட்டு, பூஞ்சைக் க்ரீம் மெல்லிசாக. சர்க்கரை இருப்பதால் இதை வீட்டு வைத்தியத்தோடு விட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் காட்டுங்கள். புறங்கால் சிவந்து சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே. புண் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்பீர்கள், தெரியும்.

திருத்துறை_மகன் | அக்டோபர் 30, இரவு 9.52

முடியாதுதான் அக்கா. நடவு பத்து நாள் வேலை, வருஷத்துக் கூலியில் பாதி அதில் இருக்கிறது. காலையில் இறங்குவதற்கு முன் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டுதான் போகிறார்கள்.

நர்ஸ்_அக்கா | அக்டோபர் 30, இரவு 9.58

புண் இல்லாத காலுக்கு அது நல்ல காப்பு, தண்ணீர் ஒட்டாது. திறந்த புண்ணில் மட்டும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறும்போது ஒருமுறை கழுவித் துடைக்கச் சொல்லுங்கள்.

கடைக்கார_தம்பி | அக்டோபர் 31, மதியம் 3.30

தம்பி, அந்த டியூபைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படித்துச் சொல்லுங்கள்.

திருத்துறை_மகன் | அக்டோபர் 31, இரவு 7.05

நாலு பெயர் இருக்கிறது. முதலில் குளோபெட்டசால்.

கடைக்கார_தம்பி | அக்டோபர் 31, இரவு 10.45

நினைத்தேன். அது ஸ்டீராய்டு, அதிலும் ரொம்ப வீரியமானது. அரிப்பு, சிவப்பு இரண்டும் தோல் பூஞ்சையோடு சண்டை போடும் சத்தம். ஸ்டீராய்டு சண்டைக்காரனைத் தூங்க வைத்துவிடும். சத்தம் நிற்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மாதக் கணக்கில் போட்டால் பிரசவக் கோடு மாதிரி வரி விழும், அது போகாது. 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுண்டரில் 'அரிப்பு' என்று சொன்னால் கை அதை நோக்கித்தான் போகிறது. எங்கள் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன், ஆரம்பத்தில் என் கையும் போயிருக்கிறது.

இப்போது ஊரெல்லாம் சுற்றும் படர்தாமரைக் கிருமி சாதாரண மருந்துக்கு எளிதில் மடங்குவதில்லை. தோல் டாக்டரைப் பாருங்கள், மாத்திரை தேவைப்படலாம். வட்டம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை மருந்தை விடாதீர்கள். ஈர ஜட்டியை மாற்றாமல் இருப்பது, ஒரே துண்டை வீடே பயன்படுத்துவது, மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த பேன்ட், இந்த மூன்றும் இருக்கும்வரை மருந்து தோற்றுக்கொண்டே இருக்கும். துணி காயவில்லை என்றால் உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள்.

திருத்துறை_மகன் | நவம்பர் 29, காலை 10.10

அம்மாவுக்கு ஆறிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் பூஞ்சைக் க்ரீமும் கொடுத்தார்கள், சர்க்கரை மருந்தையும் கூட்டினார்கள். எனக்கு டியூபை நிறுத்திய முதல் வாரம் நரகம், எழுந்து உட்கார்ந்தே விடிந்தது. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது வட்டம் மங்கிவிட்டது, மாத்திரை இன்னும் இரண்டு வாரம். வரி இரண்டு விழுந்திருக்கிறது, அது இருக்கட்டும்.

ஓசூர்_புதுசு | டிசம்பர் 14, காலை 6.50

இன்றைக்கு இங்கே 14 டிகிரி. கீசரில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறேன், ஜெல்லி டப்பா மறுபடியும் குளியலறைக்குள் போய்விட்டது. பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. கால் மழமழவென்று இருப்பதால் அப்பா முதுகில் எழுதிப் பார்த்திருக்கிறான். முழுப் பெயரும் விழுந்ததாம், இனிஷியலோடு. அவருக்கு நான் சொன்னால் கேட்க மாட்டார். அக்கா, முதுகில் கை எட்டாத இடத்துக்கு எப்படித் தடவுவது?

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 14, காலை 7.15

நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள்?